இரண்டு குதிரை சம்பாதித்த இடம்

பினாங்கில் குதிரை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், பேச்சு பத்து காந்தோங்குக்குத் திரும்பிவிடும். 1864-இல் தொடங்கிய டர்ஃப் கிளப் அங்கேதான் இருந்தது. 2024-இல் உறுப்பினர்கள் கூடி, கிளப்பையே கலைத்துவிடலாம் என்று வாக்களித்தார்கள். 2025-இல் கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்தது. சிங்கப்பூர் கிராஞ்சியில் அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதியே கதவைச் சாத்திவிட்டார்கள். ஆனாலும் குதிரை என்றால் பந்தயம், பந்தயம் என்றால் யார் முதலில் கோட்டைத் தொட்டது என்ற கணக்கு நம் ஆட்களின் மனசில் அப்படியே இருக்கிறது.

அந்தக் கணக்கோடுதான் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். லெபோ பாசாரில் தே தாரேக் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். கைப்பேசியில் ஏதோ ஐரோப்பியப் போட்டியின் முடிவுப் பட்டியலை வைத்திருந்தார். "அண்ணே, இது என்ன கூத்து? ஒரே ஆள் பேரு மூணு இடத்துல இருக்கு. ரெண்டாவதும் அவரே, ஒன்பதாவதும் அவரே, கடைசியிலயும் அவரே. அப்ப அவரு அவரோடயே போட்டி போடுறாரா?"

நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயமும்கூட.

இந்த விளையாட்டுக்கு ஈவென்டிங் என்று பேர். இதில் போட்டியாளர் என்பது தனி ஆளும் இல்லை, தனிக் குதிரையும் இல்லை. இரண்டும் சேர்ந்த ஜோடிதான் போட்டியாளர். ஒருவர் மூன்று குதிரைகளோடு வந்தால் மூன்று ஜோடிகள் என்று கணக்கு. ஒரு ஜோடி ஜெயிக்கலாம், இன்னொரு ஜோடி நடுவில் கிடக்கலாம், மூன்றாவது ஜோடி பாதி வழியிலேயே நின்றுவிடலாம். ஓட்டியவர் மட்டும் ஒரே ஆள். எனவே, "இந்த வாரக் கடைசி அவருக்கு நன்றாக அமைந்தது" என்று யாராவது சொன்னால், எந்தக் குதிரைக்கு எது நன்றாக அமைந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். அதைக் கேட்டால்தான் பட்டியல் பேச ஆரம்பிக்கும்.

ஈவென்டிங்கில் மூன்று சோதனைகள். ராணுவக் குதிரைக்கு வைத்த தேர்வாகப் பிறந்த விளையாட்டு இது. அணிவகுப்பில் அடங்கி நிற்குமா, காடுமேடு தாண்டி ஓடுமா, ஓடிய மறுநாளும் வேலைக்கு ஆகுமா என்று பார்த்தார்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்த்தபோது ராணுவ அதிகாரிகள்தான் கலந்துகொள்ள முடியும். பெண்களுக்கு ஒலிம்பிக் ஈவென்டிங் திறந்தது 1964-இல். இன்றைக்கு ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில் மோதும் மிகச் சில விளையாட்டுகளில் இது ஒன்று. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வாங்கியவர் ஜெர்மனியின் யூலியா கிரயெவ்ஸ்கி. அந்தத் தங்கத்தைத் தொட்ட முதல் பெண் அவர்தான்.

மதிப்பெண் முறையைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெங்களூருக்காரர் ஃபவாத் மிர்சா. அப்பா குதிரை மருத்துவர். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளியும் அணி வெள்ளியும் வாங்கினார். 1982 தில்லியில் ரகுபீர் சிங் ஷாஜாதா என்ற குதிரையில் தங்கம் வாங்கிய பிறகு, இந்தியாவுக்கு இதில் தனிநபர் பதக்கம் கிடைத்தது அப்போதுதான். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஓட்டினார். சிட்னி 2000-இல் இம்தியாஸ் அனீஸ் போனதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் குதிரையேற்றத்துக்குப் போன முதல் ஆள் இவர். டோக்கியோவில் அவர் ஏறியது சென்யோர் மெடிகாட் என்ற குதிரை. அந்தப் போட்டியின் எண்களை வைத்தே முழு விளையாட்டையும் சொல்லிவிடலாம்.

முதல் சோதனை டிரெஸ்ஸாஜ். இருபது மீட்டர் அகலம், அறுபது மீட்டர் நீளம் உள்ள மணல் கட்டத்துக்குள், எழுதி வைத்த அசைவுகளை வரிசையாகச் செய்து காட்ட வேண்டும். வட்டம் போடு, பக்கவாட்டில் நகரு, நடையை நீட்டு, சட்டென்று நில், நின்ற இடத்தில் மூச்சு விடுவது தவிர எதுவும் செய்யாதே. நடுவர்கள் ஒவ்வொரு அசைவுக்கும் 10-க்கு மதிப்பெண் போடுவார்கள். ஓட்டுபவர் வாயைத் திறந்து குதிரையை அதட்டக் கூடாது, கொஞ்சவும் கூடாது. எல்லாம் தொடையிலும் இடுப்பிலும் விரலிலும் நடக்க வேண்டும். மிர்சாவுக்கு 72 சதவீதம் கிடைத்தது. ஈவென்டிங்கில் எழுதுவது நீங்கள் எடுத்ததை இல்லை, விட்டதை. 100-இலிருந்து 72 போக 28. அவர் கணக்கு 28.00 என்று ஆரம்பித்தது. இதில் எண் குறைவாக இருப்பவர்தான் முன்னால். முதல் நாள் தொடங்கிய எண் அடுத்த இரண்டு நாளில் ஏறலாம், அப்படியே நிற்கலாம். இறங்கவே இறங்காது. பந்தயம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுதான் முதலில் பிடிபடாதது.

இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. கூட்டம் கூடுவதும் உயிர் பயம் இருப்பதும் இங்கேதான். திறந்த வெளியில் நாலைந்து கிலோமீட்டர் பாதை. நடுவில் மரக்கட்டை, பள்ளம், குளம், மேட்டிலிருந்து கீழே குதிக்க வேண்டிய இடம் என்று தடைகள். இடித்தால் கழன்று விழும் கம்பி இல்லை இவை, பூமியில் ஊன்றியவை. குதிரையின் முன்கால் தட்டி அது கவிழ்ந்து ஓட்டுபவர்மேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், சில தடைகளில் அழுத்தம் பட்டால் முறிந்து கொடுக்கும் முளைகளை இப்போது வைக்கிறார்கள். குதிரை ஒரு தடை முன்னால் மறுத்து நின்றால் 20 புள்ளி. அதே தடையில் மறுபடி மறுத்தால் இன்னும் 40. ஓட்டுபவர் விழுந்தால் அத்தோடு கதை முடிந்தது, மீண்டும் ஏற முடியாது.

இதில் நேரம் ஒன்று இருக்கிறது. நான்கு நட்சத்திரம் எனப்படும் மேல் தரத்தில் நிமிடத்துக்கு 570 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 34 கிலோமீட்டர் வேகம் வைத்து உகந்த நேரத்தைக் கணக்கிடுவார்கள். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 புள்ளி. டோக்கியோவில் உகந்த நேரம் 7 நிமிடம் 45 விநாடி. மிர்சா எந்தத் தடையிலும் தவறு செய்யவில்லை. ஆனால் 28 விநாடி தாமதம். அதற்கு 11.20. முதல் நாள் முன்வரிசையில் இருந்தவர் 22-ஆவது இடத்துக்கு இறங்கினார். 28 விநாடி என்பது இந்தத் தே தாரேக்கை ஆற்றும் நேரம்கூட இல்லை.

ஜகார்த்தாவில் இதே கணக்கு அவருக்குச் சாதகமாக இருந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே அவர் கடைசி எண் 26.40. தங்கம் வாங்கிய ஜப்பானின் ஓய்வா யோஷியாகிக்கு 22.70. வெண்கலம் வாங்கிய சீனாவின் ஹுவா தியானுக்கு 27.10. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடைவெளி 0.70. பாதையில் எங்கேயாவது இன்னும் இரண்டு விநாடி மெதுவாகப் போயிருந்தால் பதக்கத்தின் நிறம் மாறியிருக்கும்.

மூன்றாவது ஷோ ஜம்பிங். இங்கே கம்பிகள் தட்டினால் விழும். விழுந்த ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி. முந்தின நாள் மூச்சிரைக்க ஓடிய குதிரை, இன்று காலைத் தூக்கித் தாண்டுமா என்பதுதான் கேள்வி. களைத்த குதிரை சோம்பலாகத் தாண்டும், கம்பி விழும். மிர்சா முதல் சுற்றில் இரண்டு கம்பி தட்டினார், 8. கூட்டல் 47.20. முதல் 25 பேருக்குள் வந்ததால் இறுதிச் சுற்று கிடைத்தது. அதில் இன்னும் 12.40. மொத்தம் 59.60, 23-ஆவது இடம். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் சுமார் என்று தோன்றும். அது அங்கே வந்து சேர்ந்த வழி தெரிந்தால் அப்படித் தோன்றாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவில் ஒரு கிளைக்கதை. ஷோ ஜம்பிங்கில் மணி அடித்ததும் 45 விநாடிக்குள் தொடக்கக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் பெட்டினா ஹோய் கோட்டைத் தாண்டிவிட்டு, ஒரு வட்டம் சுற்றி வந்து மறுபடி தாண்டித்தான் முதல் தடைக்குப் போனார். அன்று தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் அவர் கையில். பிறகு வழக்கு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், நேரத் தண்டனை உறுதியாகி, தனிநபர் தங்கம் பிரிட்டனின் லெஸ்லி லாவுக்கும் அணித் தங்கம் பிரான்சுக்கும் போயின. ஒரு கோட்டைக் கவனிக்காததற்கு இரண்டு தங்கம். இந்தக் கதையை இங்கே சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சென்யோர் மெடிகாட்டை மிர்சாவுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவர் இதே பெட்டினா ஹோய்தான். குதிரைகள் கை மாறும். ஒருவர் பழக்கியதன்மேல் இன்னொருவர் உட்கார்ந்து தன் பழக்கத்தைச் சேர்ப்பார்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். ஏன் ஒரு ஆளுக்கு இத்தனை குதிரை?

முதல் காரணம் கால். குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை, தசைநாண் கயிறுகளும் எலும்பும்தான். அரை டன் உடம்பு உயரத்திலிருந்து இறங்கும்போது மொத்தப் பாரத்தையும் வாங்குவது அந்தக் கயிறுகள். எனவே கிராஸ் கன்ட்ரிப் பாதை நீளமாக இருக்கும் நீண்ட வகைப் பெரிய போட்டியில் ஒரு குதிரையை ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறைக்கு மேல் இறக்குவது பெரும்பாலும் நடக்காது. ஆளோ வாரா வாரம் ஓட்டித்தான் கை தேற முடியும். ஒரே குதிரையை நம்பி இருப்பவர் ஆண்டில் பெரும் பகுதி சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தக் குதிரைக்கு அடிபட்டால் ஆண்டே போயிற்று.

இரண்டாவது காரணம் தகுதி. மேல் தரப் போட்டிக்கு நினைத்தவர் நுழைய முடியாது. கீழ்ப்படியில் குறைந்தபட்ச அளவை எட்டிக் காட்ட வேண்டும். டிரெஸ்ஸாஜில் 55 சதவீதம், கிராஸ் கன்ட்ரியில் தடைத் தவறு இல்லாமல், உகந்த நேரத்தைவிட 75 விநாடிக்கு மேல் போகாமல், ஷோ ஜம்பிங்கில் 16 புள்ளிக்குள். மேல்படிகளில் இந்தத் தகுதி ஆளுக்கு மட்டும் கிடைத்துவிட்டால் போதாது, அந்த ஜோடியாகவே எடுத்தாக வேண்டும். சென்ற ஆண்டு நீங்கள் வேறு குதிரையில் எடுத்தது இந்தக் குதிரைக்குச் செல்லாது.

மிர்சாவின் ஒலிம்பிக் கதையை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2018 வெள்ளிக்குப் பிறகு சென்யோர் மெடிகாட்டுக்கு அடிபட்டது. 2019 முழுக்க ஒலிம்பிக் இடத்துக்கான தரவரிசைப் புள்ளி சேர்க்கும் ஆண்டு. நல்ல குதிரை லாயத்தில் நிற்கிறது. அவர் என்ன செய்தார்? ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம், டச்சிங்வுட் என்ற இரண்டு குதிரைகளோடு ஐரோப்பாவில் வாரக் கடைசிகளாகப் போட்டிக்குப் போனார். முதலாவதில் 34 புள்ளி, இரண்டாவதில் 30, மொத்தம் 64. தென்கிழக்கு ஆசியா, ஓசியானியாப் பிரிவில் முதலிடம். இந்தியாவுக்கு ஒலிம்பிக் இடம் உறுதி.

கோவிட் வந்து ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப் போனது. அந்த இரண்டு குதிரைகளும் டோக்கியோ போகவில்லை. மெடிகாட் குணமாகித் திரும்பியது, டஜாரா 4 என்ற இன்னொரு குதிரையும் தயாராக இருந்தது. 2021-இல் போலந்தின் பபொரூவ்கோவில் நடந்த போட்டியில் இந்த இரண்டையுமே ஓட்டி, இரண்டிலும் ஒலிம்பிக் தகுதியை எடுத்தார். வெளியுலகம் கண்டுகொள்ளாத ஒரு போட்டி. என் கணக்கில் மிர்சாவின் பெரிய வெற்றிகளில் அதுவும் ஒன்று. முதலில் டஜாரா 4 போகும் என்று பெயர் கொடுத்தார்கள். பிறகு மாற்றி மெடிகாட்டை அனுப்பினார்கள். ஆக, இடத்தைச் சம்பாதித்தது இரண்டு குதிரை, பெயர் கொடுத்தது மூன்றாவது, ஓடியது நான்காவது. டோக்கியோ பட்டியலில் 23 என்ற எண்ணுக்கு நேரே ஒரே ஒரு குதிரையின் பெயர்தான் இருக்கும்.

"அப்ப நாலு குதிரைக்கும் காசு?" என்று தம்பி கேட்டார். வியாபாரம் தெரிந்த ஊர்க்காரர், கேட்காமல் இருப்பாரா. காசு அவருடையது இல்லை. பெங்களூரின் எம்பசி குழுமம் பின்னால் நின்றது. அவர்களுக்குச் சொந்தமாகக் குதிரையேற்றப் பள்ளியே இருக்கிறது. ஜெர்மனியில் சான்ட்ரா அவுஃபார்ட்டின் லாயத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தார். 2012 லண்டனில் தனிநபர் வெண்கலமும் அணித் தங்கமும் வாங்கியவர் சான்ட்ரா. பணக்கார விளையாட்டா என்றால் ஆமாம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் காசு வாங்கித் தருவது குதிரையை மட்டும்தான். நாலு குதிரையை ஒரே ஆள் மாற்றி மாற்றி ஓட்டும் திறமையைக் காசு வாங்கித் தராது.

அந்தத் திறமை என்ன என்பதைப் பார்க்க, மூன்று குதிரையோடு போகும் ஒருவரின் வாரக் கடைசிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

வியாழன் அல்லது வெள்ளி காலையிலேயே பாதையை நடந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். குதிரைக்குப் பாதையைக் காட்ட அனுமதி இல்லை. கிராஸ் கன்ட்ரிப் பாதையைக் குதிரை முதன்முதலாகப் பார்ப்பதே ஓடும்போதுதான். ஆள்தான் நடந்து மனப்பாடம் செய்ய வேண்டும். கையில் ஒரு அளவுச் சக்கரம் இருக்கும். தள்ளிக்கொண்டே போவார். 570 மீட்டர் வந்ததும் நின்று சுற்றிப் பார்ப்பார். ஒரு மரம், ஒரு வேலி முனை, ஏதாவது ஒரு அடையாளம். அது ஒரு நிமிடக் குறி. அடுத்தது 1,140 மீட்டரில், இரண்டு நிமிடம். ஓடும்போது மணிக்கட்டுக் கடிகாரம் அந்த மரத்தருகே ஒரு நிமிடம் காட்ட வேண்டும். ஐந்து விநாடி கூடவா, குறைவா என்று பார்த்து வேகத்தைத் திருத்துவார். தடைகளில் சிவப்புக் கொடி வலது பக்கம், வெள்ளைக் கொடி இடது பக்கம். இரண்டுக்கும் நடுவில்தான் தாண்ட வேண்டும்.

கடினமான தடைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஒன்று நேர் வழி, குறுகலான கோணத்தில், ஆபத்தானது, விநாடிகள் மிச்சமாகும். இன்னொன்று சுற்று வழி, எளிது, ஆனால் ஆறேழு விநாடி போகும். மூன்று குதிரைக்காரர் இந்த இடத்தில் நின்று மூன்று முடிவு எடுக்க வேண்டும். அனுபவமுள்ள குதிரைக்கு நேர் வழி. தண்ணீரைப் பார்த்தால் தயங்கும் இளங்குதிரைக்குச் சுற்று வழி. மூன்றாவது நன்றாகத் தாண்டும், ஆனால் போன மாதம்தான் காயத்திலிருந்து திரும்பியது என்றால், ஏழாவது தடை வரை எப்படிப் போகிறது என்று பார்த்து அங்கே முடிவு. ஒரே பாதைக்கு மனசுக்குள் மூன்று வரைபடம்.

குதிரைக்குக் குதிரை மாறுவதுதான் இன்னும் கஷ்டம். காலை ஒன்பதுக்கு ஒரு குதிரையில் டிரெஸ்ஸாஜ். அது சோம்பேறி, கால் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பதினொன்றரைக்கு அடுத்தது. இது காதில் காற்று பட்டாலே துள்ளும், காலைத் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். முதல் குதிரையின் பழக்கத்தில் இதன்மேல் கால் போட்டால் கட்டத்தை விட்டே வெளியே பாய்ந்துவிடும். ஒரே மாலையில் மூன்று வீட்டில் டியூஷன் எடுக்கும் ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள், முதல் வீட்டுப் பிள்ளையை அதட்டிய குரலோடு இரண்டாவது வீட்டுக்குள் நுழைய முடியுமா என்று. பாடம் ஒன்றுதான், பிள்ளை வேறு. ஓட்டுபவர் இடையில் இருக்கும் நேரத்தில் குப்பாயத்தை மாற்றுவதைவிட முக்கியமாக மனசை மாற்ற வேண்டியிருக்கிறது.

லாபமும் உண்டு. முதல் குதிரையில் பாதையை ஓடி முடித்தவருக்கு, எந்தத் தடைக்கு முன் தரை வழுக்குகிறது, எந்த இடத்தில் நடந்து பார்த்தபோது தெரியாத இறக்கம் இருக்கிறது என்று உடம்புக்கே தெரிந்துவிடும். ஒரே குதிரைக்காரருக்கு அந்த ஒத்திகை இல்லை. அமைப்பாளர்கள், ஒருவரே பல குதிரை ஓட்டினால் முதல் குதிரையை வரிசையின் முன்பகுதியிலும் கடைசிக் குதிரையைப் பின்பகுதியிலும் தள்ளி வைக்கிறார்கள். நடுவில் குதிரை மாற்ற நேரம் வேண்டுமே.

இவ்வளவும் ஒருவரால் ஆகுமா? ஆகாது. பந்தயக் கிளப்பில் சைஸ் என்று சொல்வோமே, குதிரையைப் பார்த்துக்கொள்பவர், அவர் இல்லாமல் இந்த விளையாட்டே கிடையாது. ஆள் முதல் குதிரையிலிருந்து இறங்கும்போது இரண்டாவது சேணம் பூட்டி, வார் இறுக்கி, லாடத்தில் தரைக்கேற்ற முளைகள் திருகி நிற்க வேண்டும். கிராஸ் கன்ட்ரி முடித்து வரும் குதிரையின் உடம்பு கொதிக்கும். உடனே சேணத்தைக் கழற்றித் தண்ணீர், ஐஸ் தண்ணீர், விடாமல் ஊற்ற வேண்டும். சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பழைய பயம் இருந்தது. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கின் வெயிலுக்குப் பயந்து கால்நடை மருத்துவர்கள் முறையாக ஆராய்ந்து பார்த்த பிறகுதான் அந்தப் பயம் போனது. நம் ஊர் வெயிலுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று பத்து ஃபெரிங்கி கடற்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக, மூன்று குதிரைக்காரரின் நல்ல வாரக் கடைசி என்பது எது? தம்பியின் பட்டியலில் இருந்தவரையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது இடம் சரி, அனுபவக் குதிரை வேலையைச் செய்திருக்கிறது. ஒன்பதாவது இடத்தில் டிரெஸ்ஸாஜ் எண் சுமார், கிராஸ் கன்ட்ரியில் தடைத் தவறு பூஜ்யம், நேரத்துக்குப் பன்னிரண்டு சொச்சம். அதாவது முப்பது விநாடிக்கு மேல் தாமதம். கை தேறாத இளங்குதிரையை எல்லா இடத்திலும் சுற்று வழியில் கூட்டிப் போயிருப்பார் என்று ஊகிக்கலாம். மேல்படிக்குத் தேவையான தகுதி கையில். அதுதான் அந்தக் குதிரை வந்த வேலையாக இருக்கும். கடைசியில் இருந்த பெயருக்கு நேரே எண் இல்லை, விலகியதாகக் குறி. கிராஸ் கன்ட்ரி முடித்து, மறுநாள் ஷோ ஜம்பிங்குக்கு வராமல் நின்ற குதிரை. காலில் சூடு தெரிந்திருக்கலாம், லாடம் கழன்றிருக்கலாம், தரை கெட்டியாக இருக்கிறது என்று தோன்றியிருக்கலாம். விலகுவது அவமானம் இல்லை. மிர்சா மெடிகாட்டுக்காகக் காத்திருந்தது தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நல்ல குதிரையை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகச் செலவழிப்பவர்கள் இந்த விளையாட்டில் நீண்ட நாள் நிற்பதில்லை.

நின்றவர்களில் எனக்குப் பிடித்தவர் பிரிட்டனின் லூசின்டா கிரீன். உலகின் கடினமான போட்டிகளில் ஒன்றான பேட்மின்டனை 1973 முதல் 1984 வரை ஆறு முறை ஜெயித்தார், ஆறு வெவ்வேறு குதிரைகளில். ஒரு பெரிய குதிரை கிடைத்தது, அதனால் ஜெயித்தார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் மிஹாயெல் யுங், கென்டக்கி, பர்லி, பேட்மின்டன் மூன்றையும் அடுத்தடுத்து ஜெயித்து 2016-இல் கிராண்ட் ஸ்லாம் முடித்தார். கென்டக்கியில் ஓடியது ரொக்கானா என்ற பெண்குதிரை, மற்ற இரண்டில் ஸாம். அவரிடமும் கணக்கு ஒன்றுதான்: எந்த வாரம் எந்தக் குதிரை.

"நம்ம ஊர்ல இது நடக்குமா அண்ணே?" மலேசியாவில் குதிரையேற்றம் இல்லாமல் இல்லை. காபில் அம்பாக் டோக்கியோவில் டிரெஸ்ஸாஜில் ஓட்டினார். 2008-இல் உலக நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டி திரங்கானுவில் நடந்தது. பாலிக் பூலாவ் பக்கம் குதிரையேற்றம் சொல்லித் தருகிறார்கள். டிரெஸ்ஸாஜுக்கு ஒரு மணல் கட்டம் போதும், ஷோ ஜம்பிங்குக்கு ஒரு மைதானம். கிராஸ் கன்ட்ரிக்குத்தான் நாலு கிலோமீட்டர் வளைந்து போகும் பராமரித்த புல்தரை வேண்டும். மழை கொட்டினால் சேறாகாமலும் வெயில் அடித்தால் கல்லாகாமலும் இருக்க வேண்டும். பினாங்குத் தீவில் அப்படி ஒரு நிலம் காலியாக இருந்தால் அதில் முதலில் எழும்புவது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

பந்தயக் குதிரைகளை இதற்குத் திருப்பலாம் என்பது மட்டும் உண்மை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். தரோபிரெட் குதிரைக்கு ஓட்டமும் துணிச்சலும் பிறவியிலேயே உண்டு. கிராஸ் கன்ட்ரிக்கு அது பொன். பிரச்சினை டிரெஸ்ஸாஜில். பந்தயக் குதிரை, கடிவாளத்தைப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமாகப் போகப் பழகியது. இங்கே கடிவாளத்தைத் தொட்டால் மெதுவாக வேண்டும், கழுத்தை வளைக்க வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். பழைய பழக்கத்தை மறக்க வைக்கவே மாதக் கணக்கில் ஆகும். பொறுமை உள்ளவர் கையில் கிடைத்தால் முடியும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை எல்லாமே அப்படி ஒரு கையில் போய்ச் சேர்வதில்லை என்பதும் உண்மை.

தம்பிக்கு இன்னொரு தே தாரேக் சொல்லிவிட்டு ஒரு வேலை கொடுத்தேன். ஐரோப்பியப் போட்டிகள் பலவற்றை இப்போது இணையத்தில் நேரலையில் பார்க்கலாம். கோடையில் அங்கே காலை பத்து என்றால் இங்கே மாலை நாலு, வசதியான நேரம். கிராஸ் கன்ட்ரி நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நீண்ட வகைப் போட்டியில் அது பெரும்பாலும் சனிக்கிழமை. பட்டியலில் இரண்டு மூன்று குதிரையோடு வந்த ஒருவரைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்த் தடைக்கு அவர் முதல் குதிரையில் எந்த வழியில் வருகிறார், மூன்றாவது குதிரையில் எந்த வழியில் வருகிறார் என்று மட்டும் பார்க்க வேண்டும்.